தெருமுனை மூலை

கீழ்வீட்டு அக்கா: நேத்து பசங்க பெருக்கி வச்ச மூலையில காலையிலயே ரெண்டு குப்பை மூட்டை கிடக்கு. சின்னவ பார்த்துட்டு வந்து "இனிமே நான் வரல"ன்னு கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்கா. மனசே கேக்கல.

எதிர்வீட்டுத் தம்பி: மூட்டையை இப்பத்தான் எடுத்துட்டேன் அக்கா. வந்து பார்க்கச் சொல்லுங்க.

டீச்சரம்மா: ரொம்ப நல்லது தம்பி. உடனே எடுக்கறதுதான் முக்கியம். நெதர்லாந்துல க்ரோனிங்கன் நகரத்துல செஞ்ச ஆய்வு ஒண்ணு 2008ல வந்துச்சு. சைக்கிள் நிறுத்துற சந்துல, ஹேண்டில்பார்ல துண்டுச்சீட்டு மாட்டி விட்டாங்க. சுவர் சுத்தமா இருந்தப்போ 100க்கு 33 பேர் அதைக் கண்ட இடத்துல போட்டுட்டுப் போனாங்க. சுவர்ல கிறுக்கி வச்சப்புறம் 69 பேர். ஒரு மூட்டை கிடந்தா அடுத்தது தேடி வரும். இதைப் பாப்பாகிட்ட சொல்லுங்க, அவ உழைப்பு வீண் இல்லன்னு புரியும்.

மாடிவீட்டு மாமா: குப்பை கொட்டாதீர்னு ஒரு போர்டு வச்சிரலாமா?

டீச்சரம்மா: போர்டை விட செடி வைக்கலாம் மாமா. டேபிள் ரோஸ் போதும். விரல் நீளத்துக்குத் தண்டை ஒடிச்சு நட்டாலே வேர் பிடிச்சிரும். நல்ல வெயில் வேணும், தண்ணி தேங்கக் கூடாது, அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு தொட்டி, பேரை அவங்களே எழுதட்டும்.

எதிர்வீட்டுத் தம்பி: கண்ணாடித் துண்டு, ஊசி ஏதாவது கிடந்தா பிள்ளைங்க தொடக் கூடாது. மொதல்ல நான் ஒரு தடவை பார்த்துடறேன். மத்ததுக்குக் கையுறை.

கீழ்வீட்டு அக்கா: போன தடவை அவ கோணலா நட்ட செடியை நான் பிடுங்கி நேரா நட்டேன். "அப்போ அது உன் செடி"ன்னுட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் ஒரு நாள்கூட அதுக்குத் தண்ணி ஊத்தல 😔

டீச்சரம்மா: கோணலாவே வளரட்டும் அக்கா. அதையும் அவதான் தினம் போய்ப் பார்க்கணும்.

கீழ்வீட்டு அக்கா: தம்பி எடுத்துட்டான்னு சொன்னேன். செருப்பு மாட்டிட்டு ஓடிட்டா! திரும்பி வந்து தண்டு கேக்குறா. எங்க வீட்டுல டேபிள் ரோஸ் இல்லையே?

மாடிவீட்டு மாமா: எங்க மொட்டைமாடியில சிவப்பும் மஞ்சளும் இருக்கு. மேல அனுப்பும்மா. எது வேணுமோ அவளே ஒடிச்சுக்கட்டும்.