பழைய ஆட்டோமேட்டிக் கார்வெட்டில் கையால் கியர் மாற்றலாமா, கூடாதா?

மலைச்சாலை87:
என்னிடம் இருப்பது 1987 கார்வெட், சி4. எல்98 எஞ்சின், 700ஆர்4 என்ற நாலு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி, பின் அச்சு விகிதம் 3.07. போன வாரம் ஆயில் மாற்றக் கொடுத்த இடத்தில், நான் காரை வெளியே எடுக்கும்போது லீவரை டி-யிலிருந்து 2-க்கு இழுத்ததைப் பார்த்துவிட்டு மெக்கானிக் கத்தினார். "ஆட்டோமேட்டிக்கில் கை வைக்காதே, கியர்பாக்ஸ் போய்விடும்." எனக்கு இது சரியாகப் படவில்லை. கை வைக்கக் கூடாது என்றால் 2, 1 என்று எதற்குப் போட்டுக் கொடுத்தார்கள்?

நான் அடிக்கடி ஓட்டுவது டெயில் ஆஃப் த டிராகன் என்ற மலைச்சாலை, டென்னஸி எல்லையில் 11 மைலுக்கு 318 வளைவு. லீவரை ஓவர்டிரைவில் (நாலு கியரும் தானாக மாறும் இடம்) விட்டால் வளைவுக்குள் கால் எடுத்ததும் மூன்றாவதுக்கு ஏறிவிடும். வெளியே வரும்போது ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்தால் போதும், கிக்டவுன் ஆகி இரண்டாவதுக்கு விழும். ஸ்டீயரிங் இன்னும் திரும்பியே இருக்கும்போது பின் சக்கரத்துக்கு அவ்வளவு டார்க் (திருப்பு விசை) ஒரேயடியாகப் போனால் பின்பக்கம் எப்படி வழுக்கும் என்று சி4 ஓட்டியவர்களுக்குத் தெரியும். 2-இல் போட்டு விட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. 35 மைல் வேகத்தில் சுமார் 2,250 ஆர்பிஎம், எஞ்சினுக்கு அது சுகமான இடம்.

பெட்டிபிரித்தவன்:
நண்பரே, உங்கள் மெக்கானிக் சொன்ன விதம் தப்பாக இருக்கலாம், சொன்ன விஷயம் தப்பில்லை. நான் 700ஆர்4 பல பிரித்திருக்கிறேன். திறந்தால் முதலில் கண்ணில் படுவது மூன்றாவது, நாலாவது கியருக்குப் பிடிக்கும் 3-4 கிளட்ச் தட்டுகள், கரியாகி, விரலால் தேய்த்தால் உதிரும். அடுத்தது 2-4 பேண்ட், இரண்டாவது, நாலாவது கியருக்கு டிரம்மைச் சுற்றி இறுக்கும் பட்டை. நீங்கள் மூன்றாவதில் ஓடும்போது லீவரை 2-க்கு இழுத்தால், 3-4 கிளட்ச் விட்டுவிட்டு அந்த பேண்ட் சுழலும் டிரம்மைச் சுற்றிப் பிடித்து நிறுத்த வேண்டும். 55 மைல் வேகத்தில் உங்கள் 3.07 அச்சுக்கு மூன்றாவதில் 2,200 ஆர்பிஎம், இரண்டாவதில் 3,550. அந்த 1,350 ஆர்பிஎம் வித்தியாசத்தை யார் சரிக்கட்டுவது? கால் எடுத்திருந்தால் எஞ்சின் தானாக ஏறாது, பேண்ட் வழுக்கி வழுக்கித்தான் அதை ஏற்ற வேண்டும். தினம் இருபது தடவை இப்படிச் செய்தால் அது எத்தனை நாள் தாங்கும்?

வேகம் குறைக்க பிரேக்கையே மிதியுங்கள். பிரேக் பேட் மலிவு, ஒரு மதியத்தில் மாற்றலாம். கியர்பாக்ஸ் அப்படி இல்லை.

மலைச்சாலை87:
நான் 55-இல் இழுப்பதாக எங்கே சொன்னேன்? மலை ஆரம்பிக்கும் முன்பே 2-க்குப் போய்விடுவேன், 11 மைலும் அதிலேயே. அங்கே வேக வரம்பே 30 மைல்தான்.

அப்புறம் இன்னொன்று. லீவர் நகர்த்துவது மேனுவல் வால்வை, அதாவது பெட்டிக்குள் எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வை மட்டும்தான். உள்ளே பிடிப்பதும் விடுவதும் அதே கிளட்ச், அதே பேண்ட். டிராகனில் ஓவர்டிரைவில் விட்டால் ஒரு வளைவுக்கு ஒரு தடவை 2-3, 3-2 என்று அதுவே மாறிக்கொண்டிருக்கும். 318 வளைவில் கணக்குப் போட்டுப் பாருங்கள். பேண்டுக்கு எது அதிக வேலை, ஒரே கியரில் நிற்பதா, முந்நூறு தடவை பிடித்து விடுவதா?

நேர்கோடு_கால்மைல்:
நீங்கள் இரண்டு பேரும் கீழே இறக்குவதையே பேசுகிறீர்கள். மேலே ஏற்றுவதுதான் சுவாரசியம். நான் 1-இல் வைத்து 5,500 வரை இழுத்து, 2-க்குத் தள்ளி, மறுபடி 5,500. தானாக விட்டால் சீக்கிரமே மாற்றிவிடுகிறது. கையால் மாற்றினால்தான் இது ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஓடும்.

பெட்டிபிரித்தவன்:
அது எல்98 என்றால் வீண் வேலை தம்பி. அந்த எஞ்சினின் இன்டேக் குழாய்கள் நீளமானவை, கீழ் ஆர்பிஎம்மில் டார்க் வர வேண்டும் என்றே அப்படிச் செய்தார்கள். 1987-இல் 345 பவுண்டு-அடி டார்க் 3,200-இல், 240 குதிரைத்திறன் 4,000-இல். அதற்கு மேல் மூச்சு குறைந்துகொண்டே போகும், 5,500-இல் சத்தம்தான் அதிகம். கவர்னரும் (கார் வேகத்தை உணரும் பகுதி) டிவி கேபிளும் (த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பெட்டிக்குச் சொல்லும் கம்பி) சரியாக இருந்தால் முழு த்ராட்டிலில் பெட்டியே ஏறக்குறைய சரியான இடத்தில் மாற்றும். உங்களுக்கு ரொம்ப முன்னாலேயே மாற்றுகிறது என்றால் அது கோளாறு, கையால் மாற்றி அதை மூடி மறைக்காதீர்கள். 1992-இல் வந்த எல்டி1 எஞ்சின் வேறு ஜாதி, 300 குதிரைத்திறன் 5,000-இல், அதில் மேலே இழுப்பதற்கு அர்த்தம் உண்டு.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. லீவர் வரிசை பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், ஓவர்டிரைவ், டி, 2, 1. அவசரத்தில் மேலே தள்ளும்போது ஓவர்டிரைவைத் தாண்டி நியூட்ரலுக்குப் போனால், காலும் முழுக்க மிதித்திருந்தால், எஞ்சின் ஒரு நொடியில் சிவப்புக் கோட்டைத் தாண்டும்.

கொலராடோகாரி:
இறக்கத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொலராடோவில் பைக்ஸ் பீக் மலை மேலே போய்விட்டு என் 1990 காரில் இறங்கினேன், முதல் தடவை ஓவர்டிரைவிலேயே. உச்சி 14,115 அடி. பாதி இறக்கத்தில் கிளென் கோவ் என்ற இடத்தில் எல்லோரையும் நிறுத்தி பிரேக் சூடு பார்ப்பார்கள். ஒரு பெண் ரேஞ்சர் என் முன் சக்கரத்துக்கு நேரே சின்னக் கருவி ஒன்றை நீட்டினார், எண்ணைப் பார்த்தார், ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டார். கதவைத் திறந்தால் கருகிய வாசனை. பெடல் கால்வாசி தூரம் பஞ்சு மாதிரி இறங்கியது, இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த தடவை உச்சியில் காரை எடுக்கும்போதே 1, சரிவு குறைந்த இடத்தில் 2. கிளென் கோவில் பார்த்துவிட்டுக் கையசைத்து அனுப்பிவிட்டார்கள்.

இதற்குக் காரணம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. 700ஆர்4-இல் ஓவர்ரன் கிளட்ச் என்று ஒன்று உண்டு. லீவர் டி, 2, 1-இல் இருந்தால்தான் அது பிடிக்கும். ஓவர்டிரைவில் லீவர் இருந்து, பெட்டி முதல் மூன்று கியரில் எதில் ஓடினாலும், கால் எடுத்ததும் உள்ளே ஸ்பிராக் (ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் கிளட்ச்) சும்மா சுழலும், எஞ்சின் காரைப் பிடிக்காது. கியர் எண் ஒன்றுதான், லீவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து இறக்கத்தில் கார் வேறு மாதிரி நடக்கும். பேட் மலிவு என்று சொல்கிறீர்களே அண்ணே, பேட் சூடாகிப் பிடிக்காமல் போகும் இடம் மலைச்சரிவு. அங்கே விலை பார்க்க முடியுமா?

பெட்டிபிரித்தவன்:
முடியாதும்மா. இறக்கத்தில் 2, 1 போட வேண்டும், அதை நான் மறுக்கவே மாட்டேன், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் செய்ததுதான் முறை: சரிவு தொடங்கும் முன்பே, வேகம் குறைவாக இருக்கும்போதே போட்டுவிடுவது. நான் எதிர்ப்பது, ஒவ்வொரு வளைவுக்கும் மேனுவல் கார் மாதிரி படபடவென்று இழுப்பதை.

மலைச்சாலை87:
அதையும் பதமாகச் செய்ய முடியும் என்கிறேன். 2-க்கு இழுக்கும் நேரத்தில் ஆக்ஸிலேட்டரை லேசாகக் கொடுங்கள். எஞ்சின் ஆர்பிஎம் தானே ஏறிவிடும், பேண்ட் இழுத்து ஏற்ற வேண்டியதில்லை. இந்தப் பெட்டியில் கூடுதல் லாபம் ஒன்றும் உண்டு, த்ராட்டிலோடு சேர்ந்து டிவி கேபிள் இழுபடும், எண்ணெய் அழுத்தமும் கூடும், பேண்ட் இறுக்கமாகப் பிடிக்கும்.

பெட்டிபிரித்தவன்:
கேபிள் சரியாக இருந்தால்! நான் பிரித்துப் பார்த்த கருகிய பெட்டிகளில் பாதிக்கு மேல் கையால் மாற்றி எரிந்தவை இல்லை, அந்த கேபிள் தளர்ந்து எரிந்தவை. த்ராட்டில் பாடியை மாற்றுவார்கள், கேபிளை அப்படியே மாட்டிவிட்டுப் போவார்கள். கேபிள் தளர்ந்திருந்தால் எஞ்சின் முழு பலத்தோடு தள்ளும்போது பெட்டிக்குள் அழுத்தம் பாதிதான் இருக்கும். கிளட்ச் வழுக்கும், கியர் சீக்கிரமே மேலே ஏறும். கால்மைல் தம்பி சொன்ன "சீக்கிரமே மாற்றிவிடுகிறது" என்பதும் எனக்கு அதே அறிகுறியாகத்தான் தெரிகிறது. தம்பி, முதலில் அதைப் பாருங்கள், அதுவரை அழுத்தி ஓட்டவே வேண்டாம்.

நேர்கோடு_கால்மைல்:
எப்படிப் பார்ப்பது? எனக்கு அந்த கேபிள் எங்கே இருக்கிறது என்றே சரியாகத் தெரியாது.

பெட்டிபிரித்தவன்:
எஞ்சினை அணைத்துவிடுங்கள். த்ராட்டில் பாடிக்குப் பக்கத்தில் கேபிள் உறையின் முனையில் ஒரு சின்ன அழுத்து நாக்கு இருக்கும். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு சறுக்குப் பகுதியை த்ராட்டிலுக்கு எதிர்ப்பக்கமாக முட்டும் வரை தள்ளுங்கள். நாக்கை விட்டுவிட்டு, த்ராட்டிலைக் கையால் முழுசாகத் திறங்கள். கட கடவென்று சில பற்கள் ஏறும் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். பிறகு வண்டியைச் சூடாக்கி, பார்க்கில் ஐடிலில் வைத்து கியர்பாக்ஸ் எண்ணெய்க் குச்சியைப் பாருங்கள். வெள்ளைத் துணியில் துடைத்தால் சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பாக, கருகிய வாசனையோடு இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

நேர்கோடு_கால்மைல்:
இப்போதுதான் செய்தேன். ஐந்து பல் ஏறியது. எண்ணெய் சிவப்புதான், கொஞ்சம் மங்கல். ஓட்டிப் பார்த்தேன், லீவர் ஓவர்டிரைவிலேயே, முழுக்க மிதித்தேன். முன்பு 4,000-க்கு முன்பே ஏறிவிடும், இப்போது 4,700 வரை பிடித்திருந்தது.

மலைச்சாலை87:
அடடா, ஐந்து பல்லா! நானும் நாளைக் காலை முதல் வேலையாக என்னுடையதைப் பார்க்கிறேன். ஆனால் அண்ணே, கேபிள் சரியாக இருந்தால் டிராகனில் 2-இலேயேதான் ஓட்டுவேன்.

பெட்டிபிரித்தவன்:
2-இலேயே இருங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. நேர்சாலை வந்ததும் டி, வளைவு வந்ததும் 2 என்று ஆடாதீர்கள், அதில் மட்டும் நான் மாறமாட்டேன்.