கண்காட்சியில் ஸ்டால் போடும் செலவு ஏறிக்கொண்டே போகிறது, எதில் குறைக்கலாம்?

செந்தூல் மசாலா: கோலாலம்பூர் மைடெக் கண்காட்சி மையத்தில் நடக்கும் உணவுக் கண்காட்சியில் 9 சதுர மீட்டர் இடம் கேட்டிருக்கிறோம். வாடகையைக்கூடச் சமாளித்துவிடலாம், ஆனால் கரண்ட், கூடுதல் விளக்கு, நாற்காலி, ஃப்ரிட்ஜ் என்று தனித்தனியாக வரும் பில்தான் பயமுறுத்துகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

பட்டர்வொர்த்காரன்: ஆர்டர் படிவத்தில் முன்பதிவுக் கெடு தேதி இருக்கும், அதைத் தாண்டினால் பெரும்பாலும் கூடுதல் கட்டணம், கண்காட்சித் தளத்தில் போய்க் கேட்டால் இன்னும் மோசம். ஃப்ரிட்ஜ் வேண்டுமென்றால் 24 மணிநேர இணைப்பு எடுக்க வேண்டும், சாதாரண பிளக்கை ராத்திரி அணைத்துவிடுவார்கள். உங்களுடையது தூள்தானே, ஃப்ரிட்ஜ் எதற்கு?

செந்தூல் மசாலா: ரெடிமேட் பேஸ்டும் இருக்கிறது அண்ணே.

பட்டர்வொர்த்காரன்: அப்போ ஐஸ் பெட்டியே போதும், மாதிரிக்குத்தானே.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா: தம்பி, ஏற்றுமதி எண்ணம் இருந்தால் மலேசிய அரசின் ஏற்றுமதி வளர்ச்சி அமைப்பான மேட்ரேட்டின் எம்டிஜி (சந்தை மேம்பாட்டு) மானியத்தைப் பாருங்கள். உள்ளூரில் நடக்கும் சர்வதேசக் கண்காட்சிக்கும் உண்டு. ஆனால் முதலில் நம் பணத்தைப் போட்டுவிட்டு அப்புறம்தான் கோரிப் பெற முடியும், அதனால் ரசீது ஒன்றைக்கூடத் தொலைக்காதீர்கள். பேனரில் மட்டும் வருடத்தை அச்சடிக்காதீர்கள், அடுத்த தடவையும் மாட்டலாம்.