சீரகம் இல்லாத சீரகம்: கியூமெல் வளர்த்தவர்கள் உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ

ஜேர்மனியிலிருந்து:

இங்க வந்த புதுசில எங்கட ஆக்கள் கனபேர் செய்த பிழையைத்தான் நானும் செய்தேன். கடையில "கியூமெல்" என்று எழுதின போத்தல், உள்ளுக்குச் சீரகம் மாதிரியே வளைஞ்ச விதை. வாங்கி வந்து மிளகோட இடிச்சு ரசம் வைச்சேன். இவர் ஒரு வாய் குடிச்சிட்டு, "இஞ்சேரும், ரசத்துக்குள்ள பற்பசை கரைச்சனீரோ?" என்றார். நாங்கள் தேடின சின்னச்சீரகத்துக்கு இங்க பேர் "கிறொய்ஸ்கியூமெல்" என்று பிறகுதான் தெரியும். இங்கிலீசில கேரவே என்று சொல்லுறது இந்தக் கியூமெலைத்தான்.

அந்தப் போத்தல் அலுமாரியில கிடந்து பழசாப் போச்சு. 2018இல எங்களுக்கு ஒரு குத்தகைத் தோட்டம் கிடைச்சது. இங்க அதுக்குச் சட்டமே இருக்கு. நிலத்தில மூன்றில ஒரு பங்காவது காய்கறி, பழம் என்று பயிர் செய்ய வேணும், முழுக்கப் புல்லு விட ஏலாது. பக்கத்துத் தோட்டத்து ஜேர்மன் அம்மா ஒரு கடித உறைக்குள்ள கியூமெல் விதை தந்தா. 2019 ஏப்ரலில நேர மண்ணிலயே கோடு இழுத்து, விதை மறையிற அளவுக்கு மட்டும் மண் தூவினேன். கரட் மாதிரி இதுக்கும் ஆணிவேர், நாற்று பிடுங்கி நட்டால் முகம் சுழிக்கும். முளைக்க மூண்டு கிழமை எடுத்தது. முளைச்சதில பாதியை ஓடில்லாத நத்தைகள் ஒரு மழை இரவில முடிச்சிட்டுதுகள்.

மிச்சம் வளர்ந்தது, ஆனால் பூக்கேல்லை. கரட் இலை போல ஒரு சாண் உயரத்துக்குக் கொத்தாய் நிண்டுது, அவ்வளவுதான். பனி வந்ததும் இலை கருகி மண்ணோட மண்ணாய்ப் போச்சு. மார்ச்சில இவர் மண்வெட்டியோட போய், "செத்துப்போன பாத்தி" என்று முழுதையும் கொத்திப் புரட்டிவிட்டார். வெள்ளையாய், விரல் தடிப்பில வேர் எல்லாம் மேல கிடந்தது. ஜேர்மன் அம்மா வேலிக்கு அங்கால நிண்டு தலையில கை வைச்சா. கியூமெல் ஈராண்டுப் பயிர். முதல் வருஷம் வேருக்கு, இரண்டாம் வருஷம்தான் பூவுக்கு. நடுவில ஒரு குளிர்காலம் அதுக்குக் கட்டாயம் வேணும். (வேரை வீணாக்காமல் அவிச்சுச் சாப்பிட்டோம். பாஸ்னிப் கிழங்கு மாதிரி இருந்தது, குறை சொல்ல ஏலாது.)

திரும்ப விதைச்சோம். இந்த முறை பாத்தியைச் சுற்றிக் கல் அடுக்கினேன், இவருக்காக. 2021 மே மாதம் இடுப்பளவு தண்டு எழும்பி, கொத்தமல்லிப் பூப்போல வெள்ளைக் குடைகள் விரிஞ்சுது. ஒரு நாள் பார்த்தால் பச்சை உடம்பு, கறுப்புப் பட்டி, செம்மஞ்சள் புள்ளியோட ஒரு புழு. தொட்டவுடன தலைக்குப் பின்னால இரண்டு செம்மஞ்சள் கொம்பை நீட்டி நாத்தம் அடிச்சுது. எனக்கு உடன ஊரில தேசிமரத்து (எலுமிச்சை) புழு ஞாபகம் வந்தது. அதே குடும்பத்து வண்ணத்துப்பூச்சிதான், இங்க இருக்கிறதுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஒரு செடியை அதுக்கெண்டு விட்டாச்சு.

அறுவடைதான் பதட்டம். ஜூலையில விதை பழுப்பேறத் தொடங்கினால் நாள் பார்க்கக் கூடாது. காய்ஞ்ச பிறகு வெட்டுவம் என்று இருந்தால் காற்றுக்கு எல்லாம் நிலத்தில. விடியப்புறம் பனி ஈரம் இருக்கேக்குள்ள குடையோட வெட்டி, கடுதாசிப் பைக்குள்ள தலைகீழாய்க் கட்டித் தொங்கவிட்டேன். இரண்டு கிழமையால கையால கசக்கி, ஊரில இருந்து வந்த சுளகில புடைச்சு எடுத்தால், சின்ன ஜாம் போத்தலில அரைவாசி. இரண்டு வருஷம் பார்த்திருந்ததுக்கு அரைப் போத்தல்!

கோயம்புத்தூரிலிருந்து:

அக்கா, நீங்கள் சொன்ன குளிர்காலம்தான் எனக்கு இல்லாமல் போச்சு. பிரியாணிக்கு வாங்கின ஷாஜீராவை மாடித் தொட்டியில் தூவினேன். கேரட் இலை வந்தது, குடும்பமே சந்தோஷப்பட்டோம். ஒரு வருஷம் வெறும் இலை. அடுத்த ஏப்ரல் வெயிலில் போயே போச்சு. ஷாஜீரா என்ற பேரில் இரண்டு வேறு செடிகளின் விதை விற்கிறார்கள் என்று பின்னாடி தெரிந்தது. ஒன்று உங்கள் கியூமெல். இன்னொன்று இமாச்சல் மலையில் விளையும் காலா ஜீரா, அதற்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அது மண்ணுக்குள் கிழங்கு கட்டி, மூணு நாலு வருஷம் கழித்துத்தான் காய்க்குமாம். என் தொட்டியில் செத்தது எதுவென்று இன்றைக்கும் சொல்ல முடியாது. இந்த லட்சணத்தில் கடைக்காரர் ஒருத்தர் கருஞ்சீரகத்தையும் ஷாஜீரா என்று கொடுத்தார். அது முற்றிலும் வேற.

பின்லாந்திலிருந்து:

இங்கே விதைக்கவே வேண்டாம், சாலையோரப் புல்வெளியிலேயே நிற்கும். உள்ளூர்ப் பெயர் "குமினா". ஏற்றுமதிக்கும் ஏக்கர் கணக்கில் போடுகிறார்கள். முதல் கோடையில் ஏரிக்கரையில் ஒரு வெள்ளைக் குடைப்பூவைப் பறிக்கப் போன என்னை, கூட வேலை பார்ப்பவர் கையைப் பிடித்து இழுத்தார். அது உயிரை வாங்கும் விஷச்செடி. ஈரமான கரையில் வளரும், தூரத்தில் பார்த்தால் குமினாவின் தங்கச்சி மாதிரி இருக்கும். இன்னொரு விஷச்செடிக்குத் தண்டில் ஊதாப் புள்ளி இருக்கும். அதனால் யாரும் வழியில் பார்த்ததைப் பறிக்காதீங்க, பாத்தியில் விதைத்ததை மட்டும் சாப்பிடுங்க.

அக்கா, அண்ணன் சொன்ன பற்பசையில் விஷயம் இருக்கு. நான் வேதியியல் படித்தவன், சும்மா இருக்க முடியவில்லை. கியூமெலுக்கு மணம் தருவது கார்வோன். பற்பசையிலும் சூயிங்கத்திலும் போடும் ஸ்பியர்மின்ட் புதினாவிலும் அதே கார்வோன்தான், ஆனால் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பியது. இடக்கால் செருப்பும் வலக்கால் செருப்பும் போல. நம் மூக்கு இரண்டையும் வேறு வேறாகத்தான் உணரும், இருந்தும் அண்ணன் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டார்.

சுவிஸிலிருந்து:

பிள்ளை பிறந்த நேரம் வயிற்று வாயுவுக்குப் பெருஞ்சீரகம், அனிஸ், கியூமெல் மூன்றும் சேர்ந்த தேத்தண்ணியைக் குடிக்கச் சொல்லி மருத்துவிச்சி எனக்குச் சொன்னவா. அதுக்குப் பிறகு உருளைக்கிழங்கு அவிக்கிற தண்ணிக்குள்ளயும் ஒரு கரண்டி போடுறன். தோட்டம் இல்லை, வாங்கித்தான்.

ஜேர்மனியிலிருந்து:

தம்பி, கார்வோன் கதையை இவருக்கு வாசிச்சுக் காட்டினேன். அன்றிலிருந்து வீட்டில இருக்க ஏலாது. இப்ப எங்கட வீட்டில கியூமெலுக்கு ஒரு இடம் கிடைச்சிட்டுது. கோவா (முட்டைக்கோஸ்) வறைக்குச் சின்னச்சீரகத்தை விட்டிட்டு, தாளிக்கேக்குள்ள கால் கரண்டி இதைப் போட்டுப் பாருங்கோ. ஜேர்மன்காரர் புளிக்க வைச்ச கோவாவுக்கு ஏன் இதைப் போடுறவை என்று அப்ப விளங்கும். ரசத்துக்கும் கறித்தூளுக்கும் மட்டும் வேண்டாம். ஒவ்வொரு ஏப்ரலும் புதுசாய் ஒரு கோடு விதைச்சால் ஒரு வரி இலையிலயும் ஒரு வரி பூவிலயும் நிற்கும், இடைவெளி வராது.

கோயம்புத்தூரிலிருந்து:

அக்கா, அந்த ரசத்தைக் கடைசியில் என்ன செய்தீங்க?

ஜேர்மனியிலிருந்து:

கொட்டேல்லை. முழுதும் இவர்தான் குடிச்சு முடிச்சவர்.