1991 முதல் 1999 வரை: பழைய தமிழ் நாளிதழ்கள் தேவை

வணக்கம். குடியாத்தம் பக்கம் அரசுப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். அடுத்த மாதம் காட்பாடியில் வரலாற்று ஆசிரியர்களுக்குக் கருத்தரங்கு, என் தலையில் விழுந்த தலைப்பு ராஜீவ் கொலையும் அதன் அரசியல் விளைவுகளும். 1991 மே 21 எல்லோருக்கும் தெரியும். அப்புறம் 1992-ல் புலிகளுக்குத் தடை, 1997-ல் கொலைச் சதியை விசாரித்த ஜெயின் கமிஷன் அறிக்கையை வைத்து குஜ்ரால் ஆட்சி கவிழ்ந்தது, 1998-ல் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு விதிக்க அடுத்த வருஷமே உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது, இதையெல்லாம் வகுப்பில் யாரும் தொடுவதில்லை (இந்த வழக்கின் கைதிகள் இருந்த வேலூர் சிறையைப் பார்த்த பிள்ளைகள் கேட்கத்தான் செய்கிறார்கள்). தீர்ப்பு கிடைத்தது, ஆங்கிலம், நீளமோ நீளம். நூலகத்தில் அந்த வருஷக் கட்டுகள் பாதி கிழிந்து கிடக்கின்றன. ஒரு நாளிதழ் அலுவலகத்துக்கு எழுதினேன், பதில் இல்லை. இணையத்தில் சண்டை வீடியோக்கள்தான். அந்தக் காலத் தமிழ் நாளிதழ்களைப் பார்த்துப் படியெடுக்க வேலூரிலோ சென்னையிலோ எங்கே போகலாம்?