கல்குவாரி வழக்கு நடத்தும் குழுவின் போன்களை ஸ்பைவேரிலிருந்து காப்பது எப்படி?

பொருநைக்கரை:

ராதாபுரம் வட்டாரத்துக் கல்குவாரிகள் தொடர்பாக மனு, வழக்கு என்று அலையும் ஆறு பேருக்காகக் கேட்கிறேன். வக்கீலிடம் ஐபோன் 12 இருக்கிறது. மதுரைக் கிளையில் தாக்கல் செய்யும் ஆவணம் எல்லாம் அதில்தான். மற்றவர்களிடம் ரெட்மி, சாம்சங் என்று கலந்து கிடக்கிறது. ஒரு ரெட்மியில் செக்யூரிட்டி அப்டேட் தேதி 2023-லேயே நின்றுவிட்டது.

பெகாசஸ் மாதிரியான உளவு நிரல்கள் (ஸ்பைவேர்) லிங்கைத் தொடாவிட்டாலும் புகுந்துவிடும் என்கிறார்கள். அப்படியானால் நாம் செய்வதற்கு என்னதான் மிச்சம்? ஆன்டிவைரஸ் காட்டிக்கொடுக்குமா? *#62# அடித்தால் ஒட்டுக்கேட்பது தெரிந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, நிஜமா? குழுவில் பாதிப் பேர் அடித்துப் பார்த்து, ஏதோ ஒரு நம்பர் வந்ததும் கலங்கிப்போய் இருக்கிறார்கள். புதுப் போன்தான் வழி என்றால் ஆளுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் முடியாது.

தென்பொதிகை:

முதலில் *#62# கதையை முடித்துவிடலாம். போன் அணைந்திருக்கும்போதோ சிக்னல் இல்லாதபோதோ வரும் அழைப்பு எங்கே திருப்பப்படுகிறது என்பதை மட்டும்தான் அது காட்டும். அங்கே வருவது பெரும்பாலும் சிம் நிறுவனத்தின் சொந்த எண். *#21# அடித்து, எல்லா அழைப்பும் யாரோ ஒருவர் நம்பருக்குத் திரும்புகிறது என்று வந்தால் அப்போது கவலைப்படலாம். அதுவும் ஓ.டி.பி. திருடர்களின் வேலை. பெகாசஸ் வகைக்கு கால் ஃபார்வர்டிங் தேவையே இல்லை.

தொடாமலே புகுவது உண்மைதான். 2019-ல் வாட்ஸ்அப் அழைப்பு வந்தாலே போதும், எடுக்கக்கூட வேண்டாம் என்ற முறையில் சுமார் 1,400 போன்களைக் குறிவைத்தார்கள். 2021-ல் பிடிபட்டது இதைவிட நுணுக்கம். ஐமெசேஜில் .gif என்று பெயர் போட்டு ஒரு பி.டி.எஃப். கோப்பு வரும். அதற்குள் பழைய ஸ்கேனர்கள் பயன்படுத்திய ஜேபிக்2 முறையில் சுருக்கிய படம். அந்தப் படத்தைப் பிரிக்கும் நிரலில் இருந்த ஒரு கணக்குப் பிழையைப் பிடித்துக்கொண்டு, 70,000-க்கும் அதிகமான கட்டளைத் துண்டுகளால் படத்துக்குள்ளேயே ஒரு குட்டிக் கணினியைக் கட்டியிருந்தார்கள். ஐ.ஓ.எஸ். 14.8-ல் ஆப்பிள் அதை அடைத்தது. சாம்சங்கும் தப்பவில்லை: டி.என்.ஜி. படக் கோப்பு வழியாக லேண்ட்ஃபால் என்ற ஸ்பைவேர் நுழைந்த ஓட்டை 2025 ஏப்ரலில்தான் அடைபட்டது.

ஆக, நாம் திறக்காமலே போன் தானாகப் பிரித்துப் பார்க்கும் கோப்புகள்தான் வாசல். வாசலின் எண்ணிக்கையைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

வக்கீலின் ஐபோனில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, கடைசியில் லாக்டவுன் மோட். இயக்கியதும் போன் ஒருமுறை அணைந்து வரும். மெசேஜஸில் சாதாரணப் படம், வீடியோ, ஆடியோ தவிர மற்ற இணைப்புகள் பெரும்பாலும் நின்றுவிடும். லிங்க் முன்னோட்டம் வராது. சஃபாரியில் வேகத்துக்காக ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் பகுதி நிற்கும், 2ஜி அணையும், பூட்டிய போனில் கேபிள் செருகினால் கணினியோடு பேசாது. பதிலுக்குச் சில இணையதளங்கள் மெதுவாகும்; எழுத்துரு கட்டம் கட்டமாகத் தெரியும்; பி.டி.எஃப். உள்ளேயே திறக்காமல் தகராறு செய்யும். வழக்கு நிலவரம் பார்க்கும் தளம் அப்படி ஆனால், சஃபாரியில் அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம். அதற்காக மொத்தத்தையும் அணைத்துவிடாதீர்கள்.

லாக்டவுன் மோட் வாட்ஸ்அப்புக்குள் வரும் கோப்புகளைக் கட்டுப்படுத்தாது. இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா போய் மீடியா ஆட்டோ டவுன்லோடை ஆண்ட்ராய்டில் மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூன்றிலும் காலி செய்யுங்கள்; ஐபோனில் படம், வீடியோ என்று ஒவ்வொன்றுக்கும் ‘நெவர்’ வையுங்கள். பிரைவசியில் சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ், அட்வான்ஸ்டில் ஐ.பி. முகவரி மறைப்பு, லிங்க் முன்னோட்ட நிறுத்தம். குரூப்பில் சேர்க்கும் உரிமை ‘என் தொடர்புகள்’ மட்டும். ஆறு பேரும் இதைச் செய்ய வேண்டும். ஒருவர் விட்டாலும் எல்லார் பேச்சும் அவர் போனில் இருக்கிறது.

ஆன்டிவைரஸ் பற்றி: ஒரு ஆப் இன்னொரு ஆப்புக்குள் எட்டிப்பார்க்க முடியாதபடிதான் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டின் இயங்குதளங்களும் (ஓ.எஸ்.) கட்டப்பட்டிருக்கின்றன. ஆன்டிவைரஸும் ஒரு ஆப்தான். ஓ.எஸ்.ஸின் அடிமட்டத்தில் இருப்பது அதன் கண்ணில் படாது. காசு கொடுத்து வாங்காதீர்கள்.

அந்த 2023 ரெட்மியை வழக்கு வேலையிலிருந்து விலக்கிவிடுங்கள், வேறு வழி இல்லை. வாங்கும்போது கேமராவைப் பார்க்காமல் எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட் என்று பாருங்கள். கேலக்ஸி ஏ16 5ஜி அறிமுகமானபோது 20,000-க்குள் இருந்தது. ஆறு வருஷ அப்டேட் உண்டு. எஸ் வரிசை அளவுக்கு அடிக்கடி வராது என்பது குறை. வக்கீல் எப்போதாவது மாற்றினால் பிக்சல் 8-ம் அதற்குப் பிறகு வந்தவையும் ஏழு வருஷம். ஆண்ட்ராய்டு 16-ல் அட்வான்ஸ்டு புரொடெக்ஷன் என்ற ஒரே சுவிட்சில் பாதி வேலை முடிந்துவிடும்.

டவுன்_சர்வீஸ்:

பொதிகை அண்ணாச்சி சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா இந்த ஆறு பேர் போனுக்கும் பெகாசஸ் வாறதுக்கு முன்னாடி ஏ.பி.கே. வந்துரும், அதாவது பிளே ஸ்டோர் இல்லாம நேரா போடுற ஆண்ட்ராய்டு ஆப் கோப்பு. ‘ஆர்.டி.ஓ. சலான்’, ‘பி.எம். கிசான்’, ‘கல்யாணப் பத்திரிகை’ன்னு பேர் போட்டு வாட்ஸ்அப்ல வருது. தெரிஞ்சவங்க நம்பர்ல இருந்தே வருது, ஏன்னா அவங்க போன் ஏற்கெனவே போயிருக்கும். பத்திரிகைன்னா படமாவோ பி.டி.எஃப்.பாவோதான் இருக்கும். கடைசியில .apk-ன்னு இருந்தா அது பத்திரிகையே இல்ல.

போட்டாச்சுன்னா எஸ்.எம்.எஸ். அனுமதி கேக்கும், அப்புறம் ஆக்சஸிபிலிட்டி கேக்கும். ஆக்சஸிபிலிட்டி குடுத்துட்டா திரையில இருக்கதெல்லாம் படிக்கும், நமக்குப் பதிலா அதுவே பட்டனையும் அமுக்கும். ஐகான் மறைஞ்சுரும். அதனால ஆப் லிஸ்ட்ட மட்டும் பாத்தா பத்தாது. ஆக்சஸிபிலிட்டில டவுன்லோடட் ஆப்ஸ், டிவைஸ் அட்மின், நோட்டிபிகேஷன் ஆக்சஸ், இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ், இந்த நாலு இடத்தையும் திறந்து பாருங்க. தெரியாத பேரு இருந்தா மொதல்ல ஃபிளைட் மோட் போடணும். அடுத்து டிவைஸ் அட்மின்ல டிக்க எடுக்கணும், அப்புறந்தான் அன்இன்ஸ்டால். மாத்திச் செஞ்சா அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலா நிக்கும், இல்லன்னா செட்டிங்ஸ் தானா மூடிக்கும். அப்படி மூடிச்சுன்னா சேஃப் மோட்ல போய் எடுங்க. பேங்க வேற போன்ல இருந்து கூப்பிட்டு நிறுத்துங்க. காசு போயிருந்தா உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

சாம்சங் வச்சிருக்கவங்க ஆட்டோ பிளாக்கர ஆன் பண்ணிட்டா ஏ.பி.கே. ஏறவே ஏறாது.

இன்னொண்ணு, சர்வீசுக்குப் போன் குடுக்கும்போது பின் நம்பர ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டிக் குடுக்காங்க. அத விட்டுருங்க. சாம்சங்ல மெயின்டனன்ஸ் மோட், பிக்சல்ல ரிப்பேர் மோட் இருக்கு. ஆன் பண்ணிக் குடுத்தா டிஸ்பிளே, ஸ்பீக்கர் எல்லாம் சோதிக்கலாம், உங்க படமும் சாட்டும் தெரியாது. அது இல்லாத போன்னா, கூடவே நின்னு வாங்கிட்டுப் போறதுதான் உத்தமம்.

திங்கக்கிழமை மனு நாளுக்கு கொக்கிரகுளம் வாறவங்க, ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்ல வாட்ஸ்அப் வெப்பத் திறந்து பிரிண்ட் எடுத்துட்டு அப்படியே போயிருதாங்க. இதுக்கு எந்த ஸ்பைவேரும் வேண்டாம். உங்க சாட்ட அங்க இருந்தே படிக்கலாம். லிங்க்டு டிவைசஸ்ல போய் இப்பவே பாருங்க, தெரியாதத வெளியேத்துங்க.

பொருநைக்கரை:

மிக்க நன்றி. ஆறு பேரிடமும் லிங்க்டு டிவைசஸ் பார்க்கச் சொல்லியாயிற்று. இன்னும் இரண்டு சந்தேகம். தினமும் போனை ரீஸ்டார்ட் செய்தால் ஸ்பைவேர் போய்விடும் என்பது சரியா? ஏற்கெனவே ஏறியிருக்குமோ என்று வக்கீலுக்கு ஒரு பயம். ஃபேக்டரி ரீசெட் போட்டுவிடலாமா?

தரவுக்காரன்:

ரீசெட் போடாதீர்கள். கையில் இருக்கும் தடயம் முழுக்கப் போய்விடும். பிறகு யார் பார்த்தாலும் ஒன்றும் சொல்ல முடியாது.

ரீஸ்டார்ட் விஷயம் பாதி சரி. இப்போது வரும் தாக்குதல்கள் பல, போன் அணைந்து எழுந்தால் நிலைப்பதில்லை. மறுபடி ஏற்ற வேண்டும். ஏற்றும் ஒவ்வொரு முறையும் பிடிபடும் ஆபத்து அவர்களுக்குத்தான். அதனால் தினம் ஒருமுறை நல்ல பழக்கம். ஐபோனில் வால்யூம் மேல், வால்யூம் கீழ் ஒவ்வொரு தட்டு, பிறகு ஆப்பிள் சின்னம் வரும்வரை பக்கவாட்டுப் பட்டனைப் பிடிப்பதே மேல். திரையை மட்டும் இருட்டாக்கி, அணைந்ததுபோல நடிக்க வைக்க முடியும் என்று 2022-ல் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் சந்தேகம் இருக்கும் போனுக்கு வரிசை வேறு. ஐபோனில் shutdown.log என்ற பதிவில் பழைய பெகாசஸ் தடயங்கள் சிக்கியிருக்கின்றன. ஐ.ஓ.எஸ். 26-ல் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் அது புதிதாக எழுதப்பட்டுப் பழையது அழிவதாக ஐவெரிஃபை என்ற போன் பாதுகாப்பு நிறுவனம் 2025 அக்டோபரில் சொன்னது. எனவே முதலில் சிஸ்டயக்னோஸ், அதாவது போனின் உள் பதிவுகளைத் திரட்டிய கோப்பு, எடுங்கள்: இரண்டு வால்யூம் பட்டனையும் பக்கவாட்டுப் பட்டனையும் சேர்த்து ஒன்றரை நொடி அழுத்தி விட வேண்டும். அதிகம் பிடித்தால் எஸ்.ஓ.எஸ். திரை வந்துவிடும். சில நிமிஷம் கழித்து அனலிடிக்ஸ் டேட்டா பட்டியலில் sysdiagnose என்று தொடங்கும் கோப்பு இருக்கும். அதைப் பத்திரப்படுத்திவிட்டு, கணினியில் பாஸ்வேர்டு போட்ட பேக்கப் எடுங்கள். பாஸ்வேர்டு போடாத பேக்கப்பில் பல விவரங்கள் வராது. இந்த இரண்டும் ஆன பிறகுதான் ஓ.எஸ். அப்டேட், லாக்டவுன் மோட், ரீஸ்டார்ட்.

அந்தப் பேக்கப்பை அம்னஸ்டி என்ற மனித உரிமை அமைப்பின் எம்.வி.டி. என்ற இலவசக் கருவியால் சோதிக்கலாம். லினக்ஸ் அல்லது மேக்கில் ஓடும். ஏற்கெனவே வெளியான அடையாளங்களோடுதான் அது ஒப்பிடும். அதனால் ஒன்றும் சிக்கவில்லை என்றால் ‘தெரிந்தது எதுவும் இல்லை’ என்பதுதான் பொருள். ஆண்ட்ராய்டில் தடயம் இன்னும் குறைவாகவே மிஞ்சும். நிபுணர்களுக்கே இது எளிதல்ல: உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைச் சோதித்தது, 5-ல் ஏதோ தீநிரல் இருந்தது, பெகாசஸ்தான் என்று உறுதிசெய்ய முடியவில்லை என்று 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. சமூக வேலை செய்பவர்களுக்கு ஆக்சஸ் நௌ அமைப்பின் உதவி மையம் இலவசமாகப் பார்த்துக் கொடுக்கிறது. உள்ளூரில் ‘ஸ்பைவேர் எடுத்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்பவரிடம் போனைக் கொடுக்காதீர்கள்.

ஆப்பிளிடமிருந்து எச்சரிக்கை வந்தால் உண்மையா என்று பார்க்கும் வழி: மெயிலில் எதையும் தொடாமல், நீங்களே ஆப்பிள் கணக்குத் தளத்தில் நுழையுங்கள். மேலேயே அறிவிப்பு இருக்கும். 2023 அக்டோபரில் இங்கே எதிர்க்கட்சித் தலைவர்கள் சிலருக்கு வந்தது அந்த வகைதான். உண்மையான எச்சரிக்கை லிங்கைத் தொடச் சொல்லாது, ஆப் போடச் சொல்லாது, பாஸ்வேர்டு கேட்காது.

போன் கையை விட்டுப் போகும் நிலை வந்தால், கொடுக்கும் முன் அணைத்துவிடுங்கள். அணைத்துப் பிறகு ஒருமுறைகூடத் திறக்காத போனை உடைப்பதுதான் கருவிகளுக்குக் கடினம். செர்பியாவில் காவல்துறை பிடித்துவைத்த போன்களை செலிபிரைட் கருவியால் திறந்து ஸ்பைவேர் ஏற்றியதை அம்னஸ்டி 2024 டிசம்பரில் வெளியிட்டது. நான்கு இலக்கப் பின்னை விட்டு, எழுத்தும் எண்ணும் கலந்த கடவுச்சொல்லுக்கு மாறுங்கள்.

தென்பொதிகை:

2ஜி பற்றி ஒரு சேர்க்கை. 2ஜி-யில் டவர் தன்னை போனுக்கு நிரூபிக்காது, போன்தான் டவருக்கு நிரூபிக்கும். போலி டவர் வைப்பவனுக்கு அது வசதி. ஆண்ட்ராய்டில் சிம் செட்டிங்ஸுக்குள் ‘அலோ 2ஜி’ இருந்தால் அணையுங்கள். சில மாடல்களில் அந்த வரியே இருக்காது. ஜியோவில் 2ஜி கிடையாது, ஆகவே ஜியோ சிம்காரர்கள் அணைத்தாலும் எதையும் இழப்பதில்லை. ஏர்டெல், வி.ஐ., பி.எஸ்.என்.எல். வைத்திருப்பவர்கள் 2ஜி-யை அணைத்துவிட்டுக் காரையாறு, மாஞ்சோலை ஏறினால் 4ஜி எட்டாத இடத்தில் அழைப்பு போகாது. அவசர எண் மட்டும் போகும். மலைக்குப் போகிற அன்றைக்குத் திறந்துவிட்டு, இறங்கியதும் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். லாக்டவுன் மோட் போட்ட ஐபோனில் இதைத் தனியாகத் திறக்க முடியாது. ஆகவே மலைக்குக் கிளம்பும்போது வக்கீலோடு 2ஜி-யைத் திறந்துவைத்த ஆண்ட்ராய்டுக்காரர் ஒருவர் இருப்பது நல்லது.