குவாடலூப் மலையில் காற்று எங்களைத் திருப்பியனுப்பிய அனுபவம்

டாலஸிலிருந்து ஓர் உறுப்பினர்:

மேற்கு டெக்சஸில் உள்ள குவாடலூப் மலைத் தேசியப் பூங்காவுக்கு நாங்கள் முதன்முறை சென்றது ஒரு மார்ச் மாதத்தில். பாலைவனம் என்றதும் வெயிலுக்குத்தான் ஆயத்தமானோம். தொப்பி, களிம்பு, ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்த எங்களுக்குக் காற்றைப் பற்றிய நினைப்பே வரவில்லை. பைன் ஸ்பிரிங்ஸ் முகாமில் கூடாரம் அடித்த அன்றிரவு, கணவாய் வழியாகப் பிதுங்கி வந்த காற்று துணியை விடியும்வரை அறைந்துகொண்டே இருந்தது. நள்ளிரவில் கம்பி ஒன்று வளைந்ததும் பிள்ளைகளைக் காருக்குள் படுக்க வைத்தோம். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் அங்கே மணிக்கு 80 மைல் வேகத்தைத் தாண்டியும் காற்று வீசுவதுண்டு என்பதை மறுநாள் காலையில்தான் பூங்கா அலுவலர் சொல்லித் தெரிந்துகொண்டோம்.

அப்படியும் மனம் கேட்கவில்லை. டெக்சஸின் மிக உயர்ந்த சிகரமான குவாடலூப் பீக் (8,751 அடி) அங்கிருந்து போய்வர 8.4 மைல்தான் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினோம். முதல் ஒன்றரை மைல் செங்குத்தான வளைவுகள். அதைத் தாண்டியதும் பாதை செங்குத்துப் பாறையின் விளிம்பை ஒட்டிச் செல்கிறது. அந்த இடத்தில் காற்று ஒரு பக்கமாகத் தள்ளவே, என் மனைவி பாறையைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இதற்கு மேல் வேண்டாங்க" என்று அவர் சொன்னபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

இரண்டாம் முறை அக்டோபர் கடைசியில் சென்றோம். காற்று அடங்கியிருந்தது. ஏறத்தாழ மூன்றாவது மைலில் வரும் மேட்டைச் சிகரம் என்று நினைத்து மகிழ்ந்து, அங்கு போனதும் உண்மையான சிகரம் இன்னும் ஒரு மைலுக்கு அப்பால் நிற்பதைக் கண்டு சோர்ந்த கதை அநேகமாக ஏறிய எல்லோருக்கும் இருக்கும். அதன்பின் முகாமிடும் இடம், ஒரு சிறு மரப்பாலம், கடைசியாகப் பாறை ஏற்றம். உச்சியில் 1958இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவிய எஃகுப் பிரமிடு நிற்கிறது. அதற்கும் நூறாண்டுகளுக்கு முன் அந்தக் கணவாய் வழியே தபால் சுமந்து சென்ற பட்டர்ஃபீல்டு குதிரை வண்டிகளின் நினைவாக வைத்தது. கீழே, சாலையிலிருந்து பார்த்தால் மலைக்கே தலைவன் போல நிமிர்ந்து நிற்கும் எல் கேப்பிட்டன் பாறை, மேலிருந்து நம் காலடியில் கிடக்கிறது. இந்த மலை முழுவதும் சுமார் 26 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் கடற்பஞ்சுகளும் பாசிகளும் கட்டியெழுப்பிய திட்டு என்பதை அந்த வறண்ட உச்சியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டபடி நம்புவது எளிதாக இல்லை.

புளியோதரை என்றதும் ஒன்று: பூங்காவுக்குள் உணவகமோ பெட்ரோல் நிலையமோ கிடையாது, விறகும் கரியும் மூட்டத் தடை. கேஸ் அடுப்புக்கு மட்டுமே அனுமதி என்பதால் கெட்டுப்போகாத கட்டுச்சோறே எங்களுக்கு வசதியாக இருந்தது.

எல் பாசோவிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்களுக்கு இந்தப் பூங்கா இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும் தூரம். வழியில் மலையடிவாரத்தில் வெள்ளையாகப் பரந்து கிடக்கும் உப்பளங்களைக் கவனியுங்கள். அந்த உப்பு யாருக்குச் சொந்தம் என்ற தகராறில் 1877இல் எல் பாசோவுக்கு அருகிலுள்ள சான் எலிசாரியோ என்ற ஊரில் துப்பாக்கிச் சண்டையே நடந்தது. டாலஸிலிருந்து வருவோர் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்க மறக்கக் கூடாது, ஏனெனில் பூங்கா 'மலை நேரம்' (Mountain Time) எனப்படும் நேர மண்டலத்தைப் பின்பற்றுகிறது.

சிகரம் ஏற முடியாதவர்களுக்கு நான் மெக்கிட்ரிக் பள்ளத்தாக்கைச் சொல்வேன். வாலஸ் பிராட் என்ற நிலவியலாளர் தம் நிலத்தைக் கொடையாக அளித்ததால் பூங்காவுக்குள் வந்த பகுதி அது. 1972இல் பூங்கா திறக்கப்படுவதற்கு முன்பே அளித்துவிட்டார். அவருடைய கல்வீடு வரை போய்வர ஐந்து மைலுக்குச் சற்றுக் குறைவு, ஏற்றமும் அதிகமில்லை. அக்டோபர் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும் மேப்பிள் இலைகள் சிவக்கும்போது கூட்டம் மிகும் என்பதால் நாங்கள் வாயிற்கதவு திறக்கும் நேரத்துக்கே போய்க் காத்திருந்தோம். ஓடையில் கால் நனைக்க அனுமதியில்லை. கரையில் குனிந்து, தெளிந்த நீரில் ட்ரவுட் மீன்கள் அசையாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள், திரும்பும் வழியில் கள்ளிச்செடிகள் வந்த பிறகும் "தண்ணீர்ச் சத்தம் இன்னும் கேட்குதாப்பா?" என்று நின்று நின்று கேட்டுக்கொண்டே வந்தாள்.