வேனில் பெயர் எழுதலாம், பிஎஃப் சலானில் எழுத முடியாது: கிறிஸ்தவத் தொண்டு அமைப்புகளுக்குக் கைகொடுத்த அனுபவங்கள்

ஓய்வுபெற்ற வங்கிக் கணக்கர் (இழையைத் தொடங்குபவர்)

கிறிஸ்துமஸ் நெருங்கினால் இல்லங்களுக்குப் புதுத்துணி எடுத்துக்கொடுக்க ஆள் வரிசையில் நிற்கும். அதே இல்லத்தில் சமைக்கிற அம்மாவுக்கு பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கட்டுவதற்கென்று யாராவது காணிக்கை கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. சின்னச் சின்ன அறக்கட்டளைகளின் கணக்கைச் சரிபார்த்துக் கொடுப்பதுதான் இப்போது என் பொழுது. கட்டடத்துக்கு, ஜெனரேட்டருக்கு, வேனுக்குப் பணம் வருகிறது. ஆடிட்டர் கட்டணத்துக்கும் பணியாளர் சேமநலனுக்கும் வருவதில்லை. வேனில் கொடுத்தவர் பெயரை எழுதலாம், பிஎஃப் சலானில் எழுத முடியாதே!

ஆனாலும் இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி, அவர்கள் செய்ததைப் பற்றி எழுதுங்கள். சட்டப் போராட்டங்களில் துணை நின்றவர்களைப் பற்றியும் எழுதலாம். குறை சொல்வதாக இருந்தால் நிறுவனத்தின் பெயர் மட்டும் வேண்டாம்.

முதலில் என்னுடையது. ஒரு விடுதியில் இருபது பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். பாதிப்பேர் ஏட்டில் 'தன்னார்வலர்', வாங்குவது 'கௌரவ ஊதியம்'. இருபது பேர் இருந்தாலே வைப்பு நிதி கட்டியாக வேண்டும் என்றேன். செயலாளர் நல்ல மனிதர். "ஐயா, இது ஊழியம். பிஎஃப், லீவு என்று பேச ஆரம்பித்தால் ஆபீஸ் ஆகிவிடும்" என்றார். யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுவதாக வருகிறதே என்று எடுத்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அசைத்தது கணக்குதான். பிஎஃப் அலுவலகம் விசாரணை நடத்திப் பழைய பாக்கியைக் கேட்டால் தொழிலாளியின் 12 சதவீதத்தையும் நிர்வாகமே சேர்த்துக் கட்ட வேண்டிவரும். கடந்துபோன மாதங்களுக்கான பங்கை இப்போதைய சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் விடாது. மேலே ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கும் மேலே அபராதம். ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்தேன். அடுத்த கமிட்டியில் தீர்மானம் போட்டுவிட்டார்கள்.

விடுதிப் பொறுப்பாளர்

ஐயா, எங்கள் டிரைவர் அண்ணனைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். சபையில் தொழிலாளர் துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் உண்டு. ஆராதனை முடிந்ததும் எங்கள் நிர்வாகியைப் பிடித்துக்கொண்டு "எல்லாரையும் பிஎஃப்பில் சேர்த்தாயிற்றா?" என்று கேட்பதே அவர் வழக்கம். அவர் தொல்லை தாங்காமல்தான் சேர்த்தோம்.

அதற்கப்புறம் இரண்டு வருடம்கூட ஆகவில்லை, டிரைவர் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். அடக்கம் முடிந்ததும் அந்தப் பெரியவரே அண்ணனின் மனைவியைக் கூட்டிக்கொண்டு பிஎஃப் அலுவலகம் போனார். கணக்கில் இருந்த பணம் ஒரு பக்கம். வைப்பு நிதியோடு சேர்ந்து ஓர் ஆயுள் காப்பீடு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். இடிஎல்ஐ என்பார்கள். தொழிலாளி அதற்கு ஒரு காசு கட்டுவதில்லை, நிர்வாகம் அரை சதவீதம் கட்டுகிறது. பணியில் இருக்கும்போது இறந்தால் சம்பளத்தையும் சேவையையும் பொறுத்து 7 லட்சம் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். அப்புறம் விதவை ஓய்வூதியம். தனக்கு ஓய்வூதியம் வாங்க ஒருவர் பத்து வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும்; மனைவி, பிள்ளைகளுக்கான ஓய்வூதியத்துக்கு அந்தக் கணக்கே கிடையாது, ஒரு மாதம் சந்தா கட்டியிருந்தாலே போதும்.

இதெல்லாம் இல்லாதிருந்தால் என்ன செய்திருப்போம்? ஞாயிற்றுக்கிழமை ஒரு விசேஷக் காணிக்கை எடுத்திருப்போம். அதில் வருவது இரண்டு மாத வாடகைக்குக் காணுமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான சிறு பயிற்சி மையம்

நாங்கள் மொத்தமே ஏழு பேர். எங்களுக்கு இதெல்லாம் பொருந்தாது என்றே இருந்தோம். நிர்வாகமும் பெரும்பான்மைப் பணியாளர்களும் ஒப்புக்கொண்டால் இருபதுக்குக் குறைவாக இருந்தாலும் வைப்பு நிதியில் சேரலாம் என்று ஒரு ஆடிட்டர் தம்பி சொன்னார். சேர்ந்துவிட்டோம். இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) மட்டும் பத்துப் பேர் இல்லாததால் கிடைக்கவில்லை, அதற்குப் பதில் குழு மருத்துவக் காப்பீடு.

மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ்

பணிக்கொடையையும் (கிராஜுவிட்டி) சேர்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் வேலை பார்க்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தவர் கிளம்பினால், கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடங்களாலும் பெருக்கிக் கொடுக்க வேண்டும். எங்கள் மூத்த சிஸ்டர் ஒருவர் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வுபெற்றபோது நிர்வாகம் விழித்த விழி இருக்கிறதே! அவ்வளவு வருடமும் ஒரு ரூபாய் ஒதுக்கி வைக்கவில்லை. பொன்னாடையும் கேடயமும் தயாராக இருந்தன.

இதில் ஒற்றை ஆஸ்பத்திரியை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. தனியாகத் தாங்க முடியாததைச் சேர்ந்து தாங்க வேண்டும். இந்தியக் கிறிஸ்தவ மருத்துவச் சங்கம் 1905-இலேயே தொடங்கியது. வட இந்தியாவில் வெளிநாட்டு மிஷனரிகள் குறைந்துகொண்டே வந்த காலத்தில், தனித்தனியே தத்தளித்த மிஷன் ஆஸ்பத்திரிகள் 1969-இல் இம்மானுவேல் ஹாஸ்பிட்டல் அசோசியேஷன் என்று ஒன்றுகூடின. டாக்டர் தேடுவதும் கணக்குப் பார்ப்பதும் ஒவ்வொருவரும் தனியாகச் செய்தால் கட்டுப்படியாகாது. நம் பக்கத்துச் சிறிய இல்லங்கள் இன்னும் அந்த அளவுக்கு ஒன்றுசேரவில்லை என்பது என் எண்ணம்.

கிராமப்புறத் திட்ட ஒருங்கிணைப்பாளர்

பணியாளர் நலன் பற்றி நிறைய வந்துவிட்டது. என் கதை எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் சட்டம்.

எங்களுக்கு வெளிநாட்டு நன்கொடை நேரடியாக வந்ததில்லை. உரிமம் வைத்திருந்த பெரிய அமைப்பு ஒன்று வாங்கி எங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். நம்மைப் போன்ற பலர் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தோம். 2020 செப்டம்பரில் சட்டத் திருத்தம் வந்தது. வெளிநாட்டுப் பணத்தை வாங்கியவர் இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது, அந்த அமைப்பிடமும் உரிமம் இருந்தாலும்கூட. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20-க்கு இறங்கியது. பணம் வந்து இறங்க வேண்டிய கணக்கு புதுதில்லியில் உள்ள எஸ்பிஐ முதன்மைக் கிளையில் மட்டும்தான். இதை எதிர்த்துப் போன வழக்கிலும் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் திருத்தங்கள் செல்லும் என்று சொல்லிவிட்டது.

எங்கள் சம்பளம் மூன்று மாதம் நின்றது. பெரிய அமைப்பிலிருந்து "உங்களுக்காக ஜெபிக்கிறோம்" என்று கடிதம் வந்தது. அவர்களையும் குறை சொல்ல முடியாது, அவர்கள் கையையும் சட்டம் கட்டிவிட்டது.

கைகொடுத்தது வேறொரு சபையைச் சேர்ந்த ஓர் ஆடிட்டர் அம்மா. சனிக்கிழமை மாலைகளில் எங்களைப் போன்ற சில அமைப்புகளை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார், கட்டணம் வாங்கவில்லை. சொந்தமாக எஃப்சிஆர்ஏ பதிவு கேட்க வேண்டுமானால் மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சமாவது நோக்கத்துக்காகச் செலவு செய்திருக்க வேண்டும் என்று சொல்லி, "உங்களில் யாருக்கு அது இருக்கிறது?" என்று கேட்டார். ஒருவர்தான் கை தூக்கினார். "சரி, மற்றவர்கள் உள்ளூர்ப் பணத்துக்குத் தயாராகுங்கள்" என்றார்.

அமைப்புக்கு வருமான வரி விலக்குத் தரும் 12ஏ, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பதிவெல்லாம் ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்க என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 2021-க்குப் பிறகு அதற்கும் காலாவதி உண்டு என்பதே அவர் சொல்லித்தான் தெரியும். நன்கொடையாளர் பட்டியலை மே 31-க்குள் வருமான வரித்துறைக்கு ஏற்ற வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய், அதோடு 10,000-க்குக் குறையாத தண்டமும் வரலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடையாது. காணிக்கை உறையில் பணம் போட்டே பழகியவர்களிடம் பான் எண் கேட்பது எவ்வளவு சங்கடம் தெரியுமா? "ஆண்டவருக்குக் கொடுக்கிறதுக்கு எதுக்குப்பா பான் கார்டு?" என்று ஒரு தாத்தா சண்டையே போட்டார். இப்போது அவரே ரசீது வரவில்லை என்றால் போன் பண்ணுகிறார்.

எஃப்சிஆர்ஏ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்டறிக்கைக்கு டிசம்பர் 31. புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் காலாவதிக்கு நான்கு மாதத்துக்கு முன்பாவது போட்டுவிடுங்கள். 2022 புத்தாண்டன்று ஏறத்தாழ 6,000 அமைப்புகளின் உரிமம் ஒரே நாளில் இல்லாமல் போனது, பெரும்பாலோர் புதுப்பிக்க விண்ணப்பமே போடாதவர்கள். அதே சமயத்தில் அன்னை தெரசாவின் மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டிக்குப் புதுப்பிப்பு மறுக்கப்பட்டதும், ஜனவரி முதல் வாரத்திலேயே திரும்பக் கிடைத்ததும் செய்தியில் வந்தது. அவர்களுக்காக உலகமே பேசியது. நமக்காக யார் பேசுவார்?

பள்ளி ஆசிரியை, அருட்சகோதரி

சட்டப் போராட்டம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அரசு உதவி பெறும் பள்ளிகளில் கற்பிக்கும் குருக்கள், கன்னியர் சம்பளத்தில் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பதை எதிர்த்துத் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் வழக்காடின. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த எங்களுக்குச் சொந்த வருமானம் இல்லை, சம்பளம் முழுதும் சபைக்கே போகிறது என்பது எங்கள் வாதம். சென்னை உயர்நீதிமன்றத்தில் 2019-இல் எதிராக வந்தது. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றமும் மேல்முறையீடுகளைத் தள்ளிவிட்டது.

தோற்ற வழக்குதான். ஆனால் இத்தனை வருடமும் எங்கள் துறவற சபைக்கு வழக்கின் ஒவ்வொரு கட்டத்தையும் விளக்கி எழுதிக்கொண்டிருந்த வழக்கறிஞர் ஒருவர் இருந்தார். தீர்ப்பு வந்ததும் பதற்றம் இல்லை; யார் யார் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், பிடித்ததில் எவ்வளவு திரும்ப வரும் என்று உடனே வேலையைத் தொடங்க முடிந்தது.

உதவி பெறும் பள்ளி ஆசிரியர்

சிஸ்டர், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே அறையில் அதே பாடம் நடத்தும் எனக்குப் பிடிக்கிறார்கள், உங்களுக்கு மட்டும் ஏன் கூடாது? எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகவே பட்டது.

பள்ளி ஆசிரியை, அருட்சகோதரி

தப்பாக எடுக்கவில்லை சார். எங்கள் மடத்திலேயே பாதிப்பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்காமலே விட்டிருந்தால் சட்டம் என்ன சொல்கிறது என்பது எங்களுக்குத் தெரிந்திருக்காது.

வழக்கறிஞர்

"நமக்காக யார் பேசுவார்" என்று மேலே ஒருவர் கேட்டிருந்தார். பேசுவதற்கு ஆள் உண்டு. பேசக் காகிதம்தான் இருப்பதில்லை. அரசியல் சட்டத்தின் 26-ஆம் பிரிவு ஒவ்வொரு மதப் பிரிவுக்கும் அறநிலையங்களை ஏற்படுத்தி நடத்தும் உரிமையைக் கொடுக்கிறது. அந்த உரிமையைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனால் நீதிபதி முதலில் கேட்பது பதிவுச் சான்றிதழை.

ஒரு குழந்தைகள் இல்லத்தை மூடச் சொல்லி நோட்டீஸ் வந்தது. மதத்துவேஷம் என்று ஊரெல்லாம் பேச்சு. உள்ளே போய்ப் பார்த்தால் 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவே இல்லை. பதிவில்லாமல் நடத்தினால் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விழலாம். துவேஷமும் இருந்திருக்கலாம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையில் ஆயுதத்தைக் கொடுத்தவர்கள் நாம். அவகாசம் கேட்டு, குழந்தைகள் நலக் குழுவின் முன் ஒவ்வொரு பிள்ளையின் கோப்பையும் வைத்து, பதிவுக்கு விண்ணப்பித்து ஒருவழியாகக் காப்பாற்றினோம். அந்த இல்லத்துக்கு உண்மையில் உதவியவர் நான் இல்லை. இரவெல்லாம் உட்கார்ந்து பிள்ளைகளின் கோப்புகளைத் தயார் செய்த சமூகப்பணிக் கல்லூரி மாணவிகள்தான்.

இன்னொன்று, உங்கள் அறக்கட்டளைப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். "ஏழைக் கிறிஸ்தவர்களுக்கு மட்டும்" என்று எழுதியிருந்தால் 80ஜி கிடைக்காது. குறிப்பிட்ட மதத்தாரின் நலனுக்கென்று இருக்கும் அமைப்புக்கு அந்தச் சலுகை இல்லை. பொதுவாக எழுதியிருந்தாலும் நற்செய்திக் கூட்டச் செலவையெல்லாம் அதே கணக்கில் போட்டு, மத நோக்கச் செலவு வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டினால் சிக்கல்தான். சபை வேறு, தொண்டு அமைப்பு வேறு என்று கணக்கைப் பிரித்து வையுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே என்னிடம் வருகிற பாதி வழக்கு வராது.

மாற்றுத்திறனாளிகளுக்கான சிறு பயிற்சி மையம்

வக்கீல் சார், இப்போதுதான் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். "கிறிஸ்தவ மாற்றுத்திறனாளிகள்" என்றே இருக்கிறது. நிறுவனர் ஐயா காலமாகிவிட்டார். நாங்களே கூடி மாற்றிக்கொள்ளலாமா?

வழக்கறிஞர்

திருத்தம் செய்யும் அதிகாரம் அறங்காவலர்களுக்கு உண்டு என்று பத்திரத்தில் எங்காவது வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த முறைப்படி தீர்மானம் போட்டுத் திருத்தப் பத்திரம் பதிவு செய்யலாம். இல்லையென்றால் நீங்களாக மாற்றியது செல்லாது, நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், பெரும்பாலும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவின் கீழ். கொஞ்சம் நாளாகும், ஆனால் முடியாததல்ல. பத்திரத்தின் நகல், கடைசி மூன்று வருட ஆடிட் அறிக்கை, இப்போதைய அறங்காவலர் பட்டியல் மூன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். மூலப் பத்திரத்தை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், என்னிடமும்தான்.